கோலிக்குண்டுக்குள் பூமி: குழந்தைகளுக்குக் கருந்துளையைச் சொல்லித் தரும் வழி

கருந்துளை என்பது ஒளியைக்கூட வெளியே விடாத அளவுக்கு ஈர்ப்பு விசை மிகுந்த ஓர் இடம். இந்த வாக்கியத்தை ஏழு வயதுக் குழந்தை எளிதாக ஒப்பித்துவிடும். ஈர்ப்பு விசை ஒளியை எப்படிப் பிடித்து வைக்கும் என்ற அடுத்த கேள்வியில்தான் பெரியவர்கள் தடுமாறுகிறார்கள். காலவெளி, வளைவு என்று ஆரம்பித்தால் குழந்தையின் கவனம் அங்கேயே கலைந்துவிடும். மேலே எறிந்த பந்திலிருந்து ஆரம்பித்தால் கருந்துளை வரை தடையில்லாமல் போய்ச் சேரலாம்.

பந்தை மேலே எறிந்தால் கீழே விழுகிறது. வேகமாக எறிந்தால் இன்னும் உயரம் போய் விழுகிறது. திரும்பி விழவே கூடாது என்றால் எவ்வளவு வேகம் வேண்டும்? காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், பூமியின் தரையிலிருந்து நொடிக்கு 11.2 கிலோமீட்டர். நிலாவில் அதற்கு நொடிக்கு 2.4 கிலோமீட்டர் போதும். சூரியனின் பரப்பிலிருந்து கிளம்ப 618 கிலோமீட்டர் வேண்டும். இதற்கு விடுபடு வேகம் என்று பெயர். ஒளி நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. அதைவிட வேகமாக எதுவும் போக முடியாது. விடுபடு வேகம் ஒளியின் வேகத்தையே மிஞ்சிவிடும் இடம் ஒன்று இருந்தால்? இந்தக் கேள்வியைக் குழந்தையே கேட்கும்படி விட்டுவிடுவது நல்லது. 1783-இல் ஜான் மிச்செல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இதே வழியில் யோசித்துத்தான் ஒளி வெளியேற முடியாத விண்மீன்கள் இருக்கலாம் என்று எழுதினார். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு வந்தது 1915-இல். அடுத்த ஆண்டே கார்ல் ஷ்வார்ஸ்சைல்டு அதிலிருந்து முறையான கணக்கைத் தந்தார்.

அடுத்த படி, நசுக்குவது. ஒரு பொருளின் நிறை மாறாமல் அதைச் சுருக்கிக்கொண்டே போனால், அதன் பரப்பில் ஈர்ப்பு கூடிக்கொண்டே போகும். பூமி முழுவதையும், மலை, கடல், கட்டடம் எதையும் விடாமல், சுமார் 18 மில்லிமீட்டர் குறுக்களவுக்குள் நசுக்கினால் அது கருந்துளையாகிவிடும். ஏறக்குறைய ஒரு கோலிக்குண்டின் அளவு. சூரியனை நசுக்க வேண்டியது சுமார் 6 கிலோமீட்டர் குறுக்களவுக்கு. கோலிக்குண்டைக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்தே இதைச் சொல்ல வேண்டும். அத்தனை எடையும் இத்தனை சிறிய இடத்திலா என்ற வியப்புதான் கருந்துளையின் மையக் கருத்து. ஒளி தப்ப முடியாத அந்த எல்லைக்கு நிகழ்வெல்லை என்று பெயர். அது சுவர் அல்ல. அங்கே தொட்டுப் பார்க்க எதுவும் இல்லை.

பல குழந்தைகள் கார்ட்டூன்களிலிருந்து வேறொரு படத்தை மனத்தில் கொண்டிருக்கிறார்கள்: கண்ணில் பட்டதையெல்லாம் உறிஞ்சி விழுங்கும் ஒரு சுழல். இது தவறு, இதை முதலிலேயே திருத்திவிட வேண்டும். சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள ஒரு கருந்துளையை வைத்தால், பூமி இப்போது சுற்றும் அதே பாதையில், அதே 365 நாள் கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். வெளிச்சம் போய்விடும், குளிரில் உறைந்துபோவோம். உள்ளே இழுக்கப்பட மாட்டோம். தொலைவில் உள்ளவற்றுக்கு, நிறை பரந்து கிடந்தாலும் ஒரே இடத்தில் திரண்டிருந்தாலும் ஈர்ப்பு ஒன்றுதான். மிக அருகில் போகும்போது மட்டுமே வேறுபாடு தெரியும்.

இதை வகுப்பறையில் செய்தே காட்டலாம். நன்றாக இழுபடும் பனியன் துணி ஒன்றை நான்கு பிள்ளைகள் நான்கு மூலையிலும் பிடித்து விறைப்பாக நிற்கட்டும். நடுவில் ஒரு கிலோ அரிசியை அகலமான பையில் பரப்பி வைத்தால் துணி மெல்லக் குழியும். கோலிக்குண்டு ஒன்றை ஓரமாக உருட்டிவிட்டால் அது வளைந்து போகும். பிறகு அரிசியை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு கிலோ எடைக்கல்லை வைக்க வேண்டும். இப்போது நடுவில் துணி செங்குத்தாக இறங்கும். ஓரத்திலோ சரிவு ஏறக்குறைய முன்போலவே இருக்கும். அங்கே உருட்டிவிட்ட கோலி முன்புபோலவே வளையும். எடை ஒன்று, அளவு வேறு என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்த்துவிடுகிறார்கள். இந்தச் செய்முறைக்குக் குறைகளும் உண்டு. அவற்றையும் கையோடு சொல்லிவிட வேண்டும். துணியில் உராய்வு இருப்பதால் கோலி வேகம் குறைந்து நடுவில் போய் விழுகிறது. கோள்கள் அப்படி விழுவதில்லை. துணியில் பள்ளம் கீழ்நோக்கி இருக்கிறது. கருந்துளையோ எல்லாப் பக்கமிருந்தும் ஒரேபோல இழுக்கும் ஓர் உருண்டை.

விண்மீனை நசுக்குவது யார்? அதன் சொந்த எடைதான். விண்மீனின் நடுவே அணுக்கரு இணைவால் பிறக்கும் வெப்பம் வெளிப்புறமாகத் தள்ளுகிறது. ஈர்ப்பு உட்புறமாக அழுத்துகிறது. எரிபொருள் தீர்ந்ததும் ஈர்ப்பின் கை ஓங்கிவிடுகிறது. சூரியன் போன்ற விண்மீன் கடைசியில் பூமி அளவுக்குச் சுருங்கி, வெண்குறுமீனாக நின்றுவிடும். அப்படி நிற்பதற்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு என்று கண்டவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, 1930-இல் மேற்படிப்புக்காக பம்பாயில் கப்பல் ஏறியபோது அவருக்கு வயது 19. அந்தப் பயணத்திலேயே இந்தக் கணக்கைத் தொடங்கினார். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறை இருந்தால் வெண்குறுமீன் தாக்குப்பிடிக்காது, மேலும் சுருங்கும் என்பது முடிவு. 1935-இல் லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில், அந்தக் காலத்தின் பெரும் வானியலாளரான ஆர்தர் எடிங்டன் இதை வெளிப்படையாக மறுத்தார். சந்திரசேகரின் கணக்குதான் நிலைத்தது. 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1999-இல் விண்ணுக்குச் சென்ற சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்குகிறது. கப்பலில் உட்கார்ந்து கணக்குப் போட்ட இளைஞரின் கதையைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் இந்தப் பாடத்தை முடிப்பது பெரிய இழப்பு. வெண்குறுமீனுக்கு அடுத்த படியான நியூட்ரான் விண்மீனுக்கும் ஒரு வரம்பு உண்டு. அதையும் தாண்டியது கருந்துளையாகிறது.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி. பால்வீதியின் நடுவில் எஸ்2 என்ற விண்மீன், எதுவுமே தெரியாத ஓர் இடத்தைச் சுமார் 16 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. மிக நெருங்கும்போது அதன் வேகம் நொடிக்கு 7,000 கிலோமீட்டருக்கும் மேல். ஒரு விண்மீனை அவ்வளவு வேகத்தில் சுழற்ற, சூரியனைப்போல் 40 லட்சம் மடங்குக்கு மேல் நிறை அங்கே இருந்தாக வேண்டும். இதைப் பல ஆண்டுகள் கவனித்து நிறுவிய ரைன்ஹார்ட் கென்செலும் ஆண்ட்ரியா கெஸ்ஸும் 2020-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

2019 ஏப்ரல் 10-ஆம் தேதி கருந்துளையின் முதல் படம் வெளியானது. உலகின் பல இடங்களில் உள்ள வானொலித் தொலைநோக்கிகளை ஒன்றாக இணைத்து எடுத்தது அது. படத்தில் இருப்பது எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவே, 650 கோடி சூரியன்களின் நிறை கொண்ட கருந்துளை. நெப்டியூன் சுற்றும் பாதை முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். சுற்றியுள்ள ஆரஞ்சு நிற வளையம் சூடான வாயுவிலிருந்து வந்த வானொலி அலைகள். கண்ணால் பார்க்க வசதியாக விஞ்ஞானிகள் தந்த நிறம்தான் அந்த ஆரஞ்சு. நடுவில் உள்ள கருமை அதன் நிழல். படத்தைக் காட்டும்போது இந்த இரண்டையும் சொல்லாவிட்டால், நெருப்பு வளையம் ஒன்றைப் பார்த்த நினைவுதான் குழந்தைக்கு மிஞ்சும்.

உள்ளே விழுந்தால் என்ன ஆகும்? காலை முன்வைத்து விழுபவரின் பாதம் தலையைவிட அருகில் இருப்பதால் பாதத்தின் மேல் இழுப்பு அதிகம். விண்மீனிலிருந்து பிறந்த சிறிய கருந்துளை என்றால், எல்லையைத் தொடும் முன்பே உடல் நீளமாக இழுபட்டுப்போகும். எம்87-இல் உள்ளது போன்ற பெரியதில், எல்லையைக் கடக்கும்போது இழுப்பின் வேறுபாடு உடலுக்குத் தெரியாது. திரும்பி வரத்தான் வழியில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ விழுபவரின் கடிகாரம் மெல்ல மெல்லத் தாமதமாவதாகத் தோன்றும். இந்தக் கடைசிச் செய்தியைப் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் சொல்வதே சரி.

சிறு பிள்ளைகள் இதைக் கேட்டுப் பயப்படுவதும் உண்டு. அவர்களுக்குத் தூரத்தைச் சொல்ல வேண்டும். இதுவரை கண்டறியப்பட்டவற்றில் பூமிக்கு மிக அருகில் உள்ள கருந்துளை காயா பிஎச்1. அது சுமார் 1,560 ஒளியாண்டுகள் தொலைவில் உள்ளது. அங்கிருந்து ஒளியே இங்கு வர 1,560 ஆண்டுகள் பிடிக்கும். சூரியன் ஒருபோதும் கருந்துளை ஆகாது. அதற்கு அவ்வளவு நிறை இல்லை.

கருந்துளை எப்போதாவது அழியுமா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. அதிலிருந்து மிக மெல்லியதாகக் கதிர்வீச்சு கசியும், அதனால் நிறை சிறிது சிறிதாகக் குறையும் என்று 1974-இல் ஸ்டீபன் ஹாக்கிங் கணக்கிட்டார். அந்தக் கசிவை இதுவரை யாரும் நேரடியாகப் பார்த்ததில்லை. அவர் கணக்குப்படி, சூரியனின் நிறையுள்ள கருந்துளை முழுவதும் மறைய ஆகும் ஆண்டுகளை எழுத, 2 போட்டு அதன் பின்னால் 67 சுழியங்கள் போட வேண்டும். இன்று பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். அதை எழுத 11 இலக்கங்களே போதும்.