கோமகனும் ராஜப்பிரமுகரும்

கீழப்பாவூரிலிருந்து பேருந்தேறித் தென்காசியைத் தாண்டினால் செங்கோட்டை. 1949 வரை அது மலையாள மன்னரின் சீமை. அந்தச் சீமை மக்களாட்சிக்கு மாறிய கதையைச் சொல்லுமுன் ஸ்பெயின் நாட்டுக்கு ஒரு நடை சென்று வருவோம்.

அங்கே சர்வாதிகாரி பிராங்கோ 1975இல் மறைந்தார். அடுத்த ஆண்டு மன்னர் யுவான் கார்லோஸ், அடோல்போ சுவாரெஸ் என்பவரைப் பிரதமராக்கினார். 1977இல் தேர்தல், 1978இல் புதிய அரசியல் சட்டம்! 1981 பிப்ரவரி 23 அன்று ஆயுதப் படையினர் பாராளுமன்றத்தில் புகுந்து சுட்டபோது உறுப்பினர் பலரும் இருக்கைகளுக்கடியில் பதுங்கினர். பதவி விலகியிருந்த சுவாரெஸோ அசையாமல் அமர்ந்திருந்தார். அவ்வாண்டே மன்னர் அவருக்குக் 'கோமகன்' பட்டம் அளித்தார். அது பரம்பரைப் பட்டம். 2014இல் அவர் மறைந்தபின் பேத்தியைச் சேர்ந்தது.

மக்களாட்சிக்கு உழைத்தவருக்கு மன்னராட்சிக் காலத்துப் பரிசா? நமக்கு இது சற்று விந்தையாகவே படுகிறது. இராணுவ, கல்விச் சிறப்புகள் தவிர வேறு பட்டங்களை அரசு வழங்கலாகாது என்கிறது நம் அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு. பாரத ரத்னாவைக்கூடப் பெயருக்கு முன் பட்டமாகப் போடக்கூடாது!

ஆயினும் மன்னர்களை என்ன செய்வது? திருவிதாங்கூரில் 1947 ஜூனில் திவான் சர் சி. பி. ராமசாமி அய்யர் தனிநாடு என்றே அறிவித்துவிட்டார். மக்கள் எதிர்த்தனர். ஜூலையில் அவர் வெட்டுப்பட்டு உயிர் தப்பினார். பிறகே மன்னர் சித்திரைத் திருநாள் இந்தியாவுடன் இணைய இசைந்தார். ஆலயக் கதவுகளை 1936இல் அனைத்து இந்துக்களுக்கும் திறந்துவிட்டவர் இவரே. 1948இல் வயது வந்தோர் யாவரும் வாக்களித்த தேர்தல் நடந்தது. 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. சித்திரைத் திருநாள் ராஜப்பிரமுகர் ஆனார். பெயர்தான் பெரிது, வேலை ஆளுநர் வேலையே. அமைச்சரவை சொன்னபடி கையெழுத்திட வேண்டும், வாரிசுக்கும் செல்லாது.

கொச்சி மன்னருக்கு அந்தப் பதவியும் கிடைக்கவில்லை. ஆண்டுதோறும் பஞ்சாங்கம் இலவசமாகக் கிடைத்தால் போதும் என்று அவர் கேட்டதாக வி. பி. மேனன் எழுதியிருக்கிறார். நாம் சிரித்துவிட்டோம், பிறகு சிரித்ததற்காக வருந்தினோம்.

ஏழாவது திருத்தத்தால் 1956 நவம்பர் 1 முதல் ராஜப்பிரமுகர் என்ற பதவியே இல்லாமற்போயிற்று. அதே நாளில்தான் செங்கோட்டைப் பகுதி சென்னை மாநிலத்தில், நம் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. மன்னர்களுக்கான மானியமும் 1971இல் நின்றது. சித்திரைத் திருநாள் அதன்பின் ஏறத்தாழ 20 ஆண்டுகள் வாழ்ந்து, 1991இல் குடிமக்களுள் ஒருவராக மறைந்தார்.