புகையானுக்கு இருவகை இறக்கை

கவரைப்பேட்டைப் பக்கம் உங்கள் நெல்வயலில் இறங்கி, குத்தை விலக்கிப் பாருங்கள். தண்ணீருக்குச் சற்று மேலே பழுப்பாய் ஒட்டியிருப்பது புகையான். பயிர் செழிப்பாய் இருந்தால் குட்டை இறக்கைப் பூச்சிகளே மிகுதி. அவற்றுக்கு முட்டையிடுவதே வேலை. கூட்டம் பெருகி, பயிர் வாடத் தொடங்கினால், வளரும் இளம்பூச்சிகளுக்கு நீள இறக்கை வரும். அடுத்த வயலுக்குப் பறந்துவிடும். கெட்டிக்காரப் பூச்சிதான்!

1973-ல் பிலிப்பைன்ஸில் இதைத் தாங்கும் ஐ.ஆர்.26 நெல் வந்தது. சில ஆண்டுகளிலேயே அதிலும் சாறு உறிஞ்சும் புகையான் பெருகிவிட்டது. மருந்திலும் இதே கதைதான்: செத்தது போக, தப்பியதன் வாரிசு வருகிறது. டார்வின் 1859-ல் எழுதியது நம் வரப்பிலேயே நடக்கிறது! சிலந்தியும் சேர்ந்து செத்தால் இன்னும் மோசம்.

ஆகவே எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுங்கள். யூரியாவைப் பிரித்துப் போடுங்கள். தண்ணீரை வடித்துக் கட்டுங்கள். தூருக்கு ஒரு பூச்சி வரை, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் இரண்டு வரை, தெளிப்பானை எடுக்க வேண்டாம்.