பையர் வகுக்கும் விதி: திருப்பூரில் மாறிய நிர்வாகம்

1970களின் பிற்பகுதி வரை திருப்பூர் பனியன் கம்பெனிகள் பெரும்பாலும் உள்நாட்டுச் சந்தைக்கே தைத்தன. பிறகு ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் நேரடி ஆர்டர்கள் வந்தன. அவற்றோடு நிர்வாக முடிவுகளில் பாதி, வாங்கும் நிறுவனத்தின் கைக்குப் போனது.

பையர் எனப்படும் அந்த நிறுவனம் வடிவம், நிறம், விலை, கப்பலேற்றும் நாள் ஆகியவற்றை முன்கூட்டியே குறித்துவிடும். நிட்டிங், சாயம், பிரிண்டிங், தையல் எனப் பல இடங்களில் ஜாப் ஒர்க்காக, அதாவது வெளியாருக்குக் கூலிக்குக் கொடுத்து, நடக்கும் வேலையை அந்த நாளுக்குள் முடிக்க வைப்பவர் மெர்ச்சண்டைசர். ஒரு கட்டத்தில் தாமதமானால் சரக்கு விமானத்தில் போகும். கூடுதல் செலவு பெரும்பாலும் ஏற்றுமதியாளர் தலையில் விழும்.

2004 இறுதி வரை நாடுவாரி ஏற்றுமதி ஒதுக்கீடு நடைமுறையில் இருந்தது. 2005 ஜனவரி 1 முதல் அது நீங்கியதால், வாங்குவோர் விலை மலிவான நாட்டைத் தேடிப் போக முடிந்தது. ஐரோப்பாவுக்குள் சுங்கவரி இல்லாமல் நுழையும் வங்கதேசத்தோடு போட்டியிட, பெரிய கம்பெனிகள் பல கட்ட வேலைகளை ஒரே வளாகத்துக்குள் கொண்டுவந்தன.

அடுத்த மாற்றம் ஆடிட், அதாவது தொழிற்சாலையின் வேலை நிலைமைகளைத் தணிக்கை செய்வது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பைத் தொழிற்சாலைகள் சட்டம் 1948இலேயே விதித்திருந்தது. 1997இல் வந்த எஸ்ஏ 8000 என்ற சமூகப் பொறுப்புச் சான்றும் அதே வரம்பைத்தான் கேட்டது. ஆனால் சான்று இல்லாவிட்டால் ஆர்டர் கைநழுவும் என்பதால் வருகைப்பதிவு, கூடுதல் நேரக் கூலி, குழந்தைத் தொழிலாளர் தடை ஆகியவை நிர்வாகத்தின் அன்றாட வேலையாயின. 2013இல் வங்கதேசத்தின் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்த பின், கட்டடப் பாதுகாப்பிலும் கெடுபிடி கூடியது.

தொழிலாளர்களும் மாறினர். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் தையல் லைனில் அமர்ந்தனர். கம்பெனிகள் விடுதி கட்டின, இந்தி தெரிந்த மேற்பார்வையாளர்களைத் தேடின. ஆர்டர் குவியும்போது ஆள் பற்றாக்குறை, குறையும்போது வேலையின்மை என்பதால் கான்ட்ராக்டர் வழியாக பீஸ் ரேட்டுக்கு ஆள் எடுக்கும் முறை நீடிக்கிறது.

விலையைக் குறைக்கச் சொல்வது பையரின் கொள்முதல் பிரிவு. வேலை நேரத்தைக் கண்காணிப்பது அதே நிறுவனத்தின் இன்னொரு பிரிவு. இவ்விரண்டையும் ஒரே ஆர்டருக்குள் பொருத்தும் பொறுப்பு கம்பெனி நிர்வாகத்தினுடையது. பொருந்தாதபோது சுமை தையல் மேசைக்கு இறங்குகிறது: வேலை நேரம் ஒன்றரை ஷிப்டாக நீள்கிறது, அல்லது வேலை ஆடிட் எட்டாத சிறு ஜாப் ஒர்க் யூனிட்டுக்குப் போகிறது.