கிரகண காலத்தில் கண்களைப் பாதுகாத்தல்

1995-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் தேதி காலையில், கொல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளி நதிக்கரையிலுள்ள டயமண்ட் ஹார்பரில் சூரியன் முழுவதும் மறைந்தது. ஏறக்குறைய ஒரு நிமிஷம் நீடித்த அம்மறைவின்போது வெறுங்கண்ணால் நோக்கியோருக்குத் தீங்கில்லை. அதே வேளையில் கொல்கத்தா நகரில் சூரியனின் மெல்லிய விளிம்பொன்று மறையாமல் எஞ்சி நின்றது. அதனை உற்றுநோக்குவது அபாயமாகும்.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? கண்ணின் வில்லை சூரிய ஒளியை விழித்திரையின்மீது ஒரு சிறு புள்ளியாகக் குவிக்கின்றது. கிரகணத்தில் குறைவது ஒளிரும் பரப்பேயன்றி, எஞ்சிய பகுதியின் உக்கிரமன்று. மற்ற நாட்களில் கண் கூசுவதால் நாம் தலையைத் திருப்பிக்கொள்கிறோம். கிரகணத்தன்றோ வெளிச்சம் மங்கி, கூச்சம் குறைந்து, கண்ணின் பாவை விரிகின்றது. ஒளியின் நீலப் பகுதி விழித்திரையின் உயிரணுக்களில் இரசாயன மாறுதலை உண்டாக்கி அவற்றைச் சிதைக்கின்றது. விழித்திரைக்கு வலியுணர்ச்சி கிடையாது. ஆதலின் பார்க்கும் சிறுவனுக்கு அப்போது ஒன்றும் தெரிவதில்லை. சில மணி நேரம் சென்ற பின்னரே பார்வையின் நடுவில் கரும்புள்ளி தோன்றும். புத்தகத்தின் எழுத்துக்கள் கோணலாகத் தெரியும். சிலருக்குப் பல மாதங்களில் இது சீராகலாம். சிலருக்கு நிலைத்தே விடும். உறுதியாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை.

புகையேற்றிய கண்ணாடியும் எக்ஸ்ரே பிலிமும் நம்பத்தக்கவையல்ல. தாம்பாளத்து மஞ்சள் நீரில் சூரியனைப் பார்க்கும் வழக்கமும் அத்தகையதே. உச்சிச் சூரியனின் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்கை நீர்ப்பரப்பு திருப்பியனுப்புகின்றது. சூரியன் தாழத் தாழ அது மிகும். தக்க கிரகணக் கண்ணாடியோ முப்பதாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒளியை விடாது. வெல்டிங் தொழிலாளர் அணியும் 14-ஆம் எண் கண்ணாடியும் ஏற்றதே.

1980-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதி கிரகணத்திற்கு அஞ்சிக் கதவடைத்திருந்தோர் பலர். கண்கள் தப்பின, அரிய காட்சியொன்று மாணவர்களுக்குக் கிட்டாமற்போயிற்று. அதற்கு அவசியமே இல்லை. அட்டையில் குண்டூசியால் துளையிட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, ஒரு மீட்டர் அப்பாலுள்ள வெள்ளைத் தாளில் ஒளியை விழச் செய்தால், 9 மில்லிமீட்டர் அகலமுள்ள பிறை அதில் தெரியும். துளையின் வழியே சூரியனைப் பார்த்தல் கூடாது. பள்ளியில் மாமரம் இருப்பின் அட்டையும் வேண்டா. இலைகளின் இடுக்குகளே துளைகளாகித் தரையெங்கும் பிறைகளைக் காட்டும்.

கிரகண நேரங்களைக் கொல்கத்தாவிலுள்ள பொசிஷனல் அஸ்ட்ரானமி சென்டர் கணிக்கின்றது. அது தயாரிக்கும் ராஷ்ட்ரிய பஞ்சாங்கம் தமிழிலும் வெளிவருகின்றது. 2031-ஆம் ஆண்டு மே 21-ஆம் தேதி தமிழ்நாட்டின் தென்பகுதியில் கங்கண கிரகணம் தெரியும். அதில் முழு மறைவு என்பதே இல்லையாதலால், வெறுங்கண்ணால் பார்க்கத்தக்க கணம் ஒன்றுகூட இராது.