போர்களுக்கிடையே வந்த படை ஆலோசனைகள்

1976 இல் அணிசேரா நாடுகளின் உச்சிமாநாட்டைக் கொழும்பில் நடத்திய நாடு இலங்கை. எட்டே ஆண்டுகளில், முஸ்லிம் மக்களின் கடும் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது, அமெரிக்கத் தூதரகத்தினுள் இஸ்ரேலிய நலன்காப்புப் பிரிவு திறக்கப்பட்டது. அணிசேராமை மேடைப் பேச்சில் மட்டுமே எஞ்சியிருந்தது.

1997 மே மாதத்தில் வவுனியாவிலிருந்து ஏ9 வீதி வழியே தொடங்கிய ‘ஜயசிக்குறு’ நடவடிக்கை, பெரும்படையால் வீதியொன்றைப் பிடித்துவிடலாம் என்ற பழைய சிந்தனையின் பிள்ளையாகும். ஒன்றரை ஆண்டுகளுக்கும் மேலாக வன்னி மக்களை இடம்பெயரச் செய்த அந்நடவடிக்கை, 1998 செப்டெம்பரில் கிளிநொச்சியை இழந்த பின்னர் டிசெம்பரில் கைவிடப்பட்டது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் மக்கள் வரிசையில் நின்றனர். அதே ஆண்டில் அமெரிக்க பசுபிக் கட்டளைப் பீடத்தின் குழுவொன்று இலங்கையின் முப்படைகளையும் ஆராய்ந்தது. புலிகளின் ஆயுதங்களுக்குத் தீர்வின்றி யாழ்ப்பாணத்தின் உயர்பாதுகாப்பு வலயங்களைத் தளர்த்தக் கூடாதென இந்தியாவின் ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் சதீஷ் நம்பியார் கருத்துரைத்தார். சமாதானப் பேச்சின் மிகச் சிக்கலான விடயத்தில் அயல்நாட்டு இராணுவ அதிகாரி ஒருவரின் கருத்தே அரசின் கேடயமாயிற்று. புலிகளும் சும்மா இருக்கவில்லை. இரணைமடுவில் ஓடுபாதை எழுந்ததும் அக்காலத்திலேயே.

விளைவு முதலில் கடலில் தெரிந்தது. இந்தியாவிலிருந்து வந்த ‘சயுர’, அமெரிக்கா 2004 இல் கையளித்த ‘சமுதுர’ ஆகிய கப்பல்களும் பங்குகொண்ட தாக்குதல்களில், 2007 இல் புலிகளின் ஆயுதக் கப்பல்கள் இலங்கைக் கரையிலிருந்து நெடுந்தொலைவில் மூழ்கடிக்கப்பட்டன. தரையில் பெரும்படை நகர்வுக்கு முன்னே சிறு அணிகள் காட்டுக்குள் நுழைந்தன. இதனை முற்றாக வெளிநாட்டுச் சரக்கு என்பது மிகை. உள்நாட்டுத் தளபதிகள் தமது தோல்விகளிலிருந்தும் கற்றிருந்தனர். ஆயினும் 1990களின் நடுப்பகுதி முதல் அமெரிக்கச் சிறப்புப் படையினர் இங்கு அளித்த பயிற்சியை ஒதுக்கிவிட முடியாது.

கடல்வழி அடைபட்ட வன்னியில், போர் புதுக்குடியிருப்பிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை மக்களை நெருக்கிச் சென்றது. 2012 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை தொடர்பான தீர்மானத்தைக் கொண்டுவந்தது அமெரிக்கா. ஆதரித்து வாக்களித்தது இந்தியா. பயிற்சியும் கப்பலும் ஆலோசனையும் வழங்கியோரைப் பற்றி அத்தீர்மானத்தில் ஒரு வரியும் இல்லை.