போதகர் இல்லாத காலத்தில்



நம் மாவட்டத்தில் பல ஊர்களில் கத்தோலிக்க ஆலயத்துக்கு அருகிலேயே சி.எஸ்.ஐ. ஆலயமும் உண்டு. அவர்கள் வீட்டுத் திருமணத்துக்கும் துக்கத்துக்கும் நாம் போய்வருகிறோம். அவர்களுடைய தொடக்க வரலாற்றைத்தான் நம்மில் பலர் கேட்டதில்லை.

மயிலாடி மகாராசன் தஞ்சாவூரில் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆனார். அவர் அழைக்க, 1806இல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி வந்தார். அவரை அனுப்பிய லண்டன் மிஷனரி சங்கத்தை நடத்தியவர்களில் பெரும்பாலோர் கால்வினின் சீர்திருத்த மரபினர். பிரஸ்பிட்டேரியன் சபையாருக்கு நெருங்கிய உறவினர். 1908இல் இரு சாராரும் தென்னிந்திய ஐக்கிய சபையாக இணைந்தார்கள். 1947இல் அது தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தது. போதகரோடு சேர்ந்து சபை மக்களும் பொறுப்புச் சுமப்பது இந்த மரபின் வழக்கம்.

உடல்நலம் குன்றிய ரிங்கல்தௌபே 1816இல் புறப்பட்டுவிட்டார். அடுத்து மீட் வந்தது 1818இல். அதுவரை சபைகளைக் கவனித்துக்கொண்டவர், குருப்பட்டம் பெறாத வேதமாணிக்கம்தான்.

நமக்கும் இது அந்நியமல்ல. நம் மண்ணின் புனித தேவசகாயம் பொதுநிலையினரே. பொதுநிலையினரின் திருத்தூதுப்பணி பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தனி ஏடே தந்தது. ஆனாலும் அன்பியக் கூட்டம் என்றால், "ஃபாதர் வருவாரா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். வரமாட்டார் என்று தெரிந்துவிட்டால், செபமாலை சொல்ல இரண்டு பாட்டிமார்தான் மிஞ்சுகிறார்கள்.