ரம்பம், விரல், வாக்கியம்

பள்ளிப்பட்டில் எங்கள் தெருமுனையில் ஒரு மரப்பட்டறை இருக்கிறது. நெசவு ஊர் ஆகையால் ஒரு காலத்தில் தறிக்கு வேண்டிய மரச்சாமான்கள் செய்துகொடுத்த இடம். இப்போது கதவு, ஜன்னல், கட்டில். பட்டறைக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய இடதுகை ஆள்காட்டி விரல் பாதிதான். வட்ட ரம்பம் பொருத்திய மேஜையில் கட்டையைத் தள்ளும்போது போனது. சமீபத்தில் அவர் மகன் செல்போனில் ஒரு படம் காட்டியிருக்கிறான். வேகமாகச் சுற்றும் பிளேடில் சாசேஜ் என்கிற கறித்துண்டைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். தொட்ட மாத்திரத்தில் பிளேடு நின்று மேஜைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. கறித்துண்டில் ஒரு கீறல், அவ்வளவுதான். மறுநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்: "இன்னாப்பா, எம்.ஏ. படிச்சவனாச்சே, சொல்லு. இப்பிடி ஒரு மிஷின் இருக்குதுன்னா எனக்கு ஏன் வரல?"

தமிழ் எம்.ஏ.வுக்கும் ரம்பத்துக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் தேடிப்போனபோது எனக்குக் கிடைத்தது இயந்திரத்தைவிட ஒரு பிரதி. பிரதியை வாசிப்பது நம் வேலை, இல்லையா?

ஸ்டீஃபன் கேஸ் என்பவர் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் வழக்கறிஞர். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். மரவேலை அவருக்குப் பொழுதுபோக்கு. 1999இல் தன் வீட்டுப் பட்டறையில் நின்றபடி யோசித்திருக்கிறார்: விரல் பட்டவுடன் பிளேடை நிறுத்த முடியுமா? யோசனை எளிமையானது. பிளேடில் மிகச் சிறிய மின்சமிக்ஞை ஒன்றை ஓடவிடுவது. காய்ந்த மரம் மின்சாரத்தைக் கடத்தாது; ஈரமான மனித உடல் கடத்தும். விரல் பட்டால் சமிக்ஞை சட்டென்று குறையும். அந்த நொடியே ஸ்பிரிங்கைப் பிடித்துவைத்திருக்கும் சிறு கம்பி எரிந்துபோக, ஒரு அலுமினியக் கட்டை பிளேடின் பற்களுக்குள் பாயும். எல்லாம் ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்கு நேரத்துக்குள். பிளேடும் அலுமினியக் கட்டையும் பாழாகும், விரல் தப்பும். கறித்துண்டில் சோதித்த பிறகு தன் சொந்த விரலையே வைத்துப் பார்த்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேஸ் வெறும் வழக்கறிஞர் அல்ல, காப்புரிமை வழக்கறிஞர். பொழுதுபோக்காக ஒரு கருவியைச் செய்துபார்க்கிற ஆயிரம் பேரில் ஒருவருக்குக்கூட வாய்க்காத தகுதி இது.

காப்புரிமை என்றால் கருவியின் மேல் உரிமை என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அது வாக்கியத்தின் மேல் உரிமை. விண்ணப்பத்தின் இறுதியில் எண் போட்டு வரிசையாக 'உரிமைக்கூற்றுகள்' எழுதப்படும். அந்த வாக்கியத்துக்குள் எது அடங்குகிறதோ, அதை மற்றவர் செய்யவோ விற்கவோ கூடாது என்று தடுக்கும் உரிமை, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு. இதற்கு ஈடாகக் கண்டுபிடித்தவர் தன் ரகசியத்தை முழுவதும் எழுதி ஊரறிய வைக்க வேண்டும். வாக்கியத்தைக் குறுக்கி எழுதினால் அடுத்தவன் ஸ்பிரிங்குக்குப் பதில் வேறொன்றை வைத்துத் தப்பிவிடுவான். அதனால் தேர்ந்த கை 'ஸ்பிரிங்' என்று எழுதாது. 'கண்டறியும் அமைப்பு', 'எதிர்வினை அமைப்பு' என்று அகலமாக எழுதும். ஆசிரியனின் மரணம் பற்றிச் சிறுபத்திரிகைகளில் பேசிப்பேசி நமக்கு அலுத்துவிட்டது. காப்புரிமை அலுவலகத்தில் அவர் திடகாத்திரமாக இருக்கிறார்.

கேஸ் முதலில் தானே ரம்பம் தயாரிக்க நினைக்கவில்லை. பெரிய நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்து, விற்கும் ஒவ்வொரு ரம்பத்துக்கும் ராயல்டி வாங்கலாம் என்பதே திட்டம். 2000இல் அட்லாண்டா மரவேலைக் கண்காட்சியில் செய்து காட்டினார். 2002இல் ரியோபி நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தாகும் நிலைக்கு வந்து நின்றுபோனது. பேச்சு மூன்று சதவீதத்தில் தொடங்கி, தொழில்துறை பெரும்பாலும் ஏற்றுக்கொண்டால் எட்டு சதவீதம் என்பதுவரை போயிருக்கிறது. நிறுவனங்களுக்கு விலை மட்டுமே பிரச்சினை அல்ல. ஒரு ரம்பத்தில் பாதுகாப்பு சாத்தியம் என்று ஒப்புக்கொண்டால், அது இல்லாத மற்ற ரம்பங்களில் போகிற விரல்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிவரும். இது என் ஊகமல்ல. பின்னால் வந்த வழக்குகளில் வாதமாகவே வைக்கப்பட்டது. தரைப்பலகை பதிக்கும் ஒரு புலம்பெயர்ந்த தொழிலாளி ரியோபி ரம்பத்தில் கை சிதைந்து தொடுத்த வழக்கில், 2010இல் பாஸ்டன் நடுவர் குழு 15 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

கேஸ் தன் கூட்டாளிகளோடு 'சாஸ்டாப்' என்ற நிறுவனம் தொடங்கி 2004இல் ரம்பம் விற்க ஆரம்பித்தார். அதற்கு முன்பே, 2003இல், இப்படிப்பட்ட பாதுகாப்பைச் சட்டப்படி கட்டாயமாக்கும்படி அரசு ஆணையத்திடம் மனுவும் போட்டிருந்தார். மனிதாபிமானம்தான், மறுக்கவில்லை. ஆனால் கட்டாயமாக்கினால் சுங்கச்சாவடி யாருடையது? பாஷ் நிறுவனம் வேறு வழியில், பிளேடைக் கெடுக்காமல் வெடிவிசையால் கீழே இறக்கும் ரம்பம் கொண்டுவந்தபோது, 2017இல் அமெரிக்க வணிக ஆணையம் அதன் இறக்குமதியைத் தடுத்தது. பொறிமுறை வேறு, வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது. அதே ஆண்டு சாஸ்டாப் ஒரு ஜெர்மன் குழுமத்தின் கைக்குப் போனது. 2024இல், சட்டம் நடைமுறைக்கு வந்தால் முக்கியமான ஒரு காப்புரிமையைப் பொதுவில் விட்டுவிடுகிறோம் என்று அறிவித்தார்கள். முதல் ரம்பம் விற்று இருபது வருஷம் ஆகியிருந்தது. அந்த நாட்டில் மட்டும் ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல் இந்த வகை ரம்பத்தின் பிளேடில் காயம்பட்டு மருத்துவம் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது அரசின் மதிப்பீடு. மூன்றா எட்டா என்ற பேரத்தில் இரண்டு தரப்பும் உட்கார்ந்திருந்தன. விரலுக்கு அங்கே நாற்காலி போடப்படவில்லை.

நம் நெசவாளர் வாசகர்களுக்காக ஒரு இடைச்செருகல். கயிற்றை இழுத்தால் ஓடுகிற நாடாவுக்கு 1733இல் இங்கிலாந்தில் ஜான் கே காப்புரிமை வாங்கினார். நாடாவுக்கு இவ்வளவு என்று ராயல்டி கேட்டார். அங்கிருந்த உற்பத்தியாளர்கள் சங்கம் கூடி, வழக்குச் செலவைப் பகிர்ந்துகொண்டு, கொடுக்காமலேயே நாடாவை ஓட்டினார்கள். கே நொடித்துப்போய்ப் பிரான்சுக்குப் போய்விட்டார். கேஸிடம் சட்டம் தெரிந்த கை இருந்தது, கேயிடம் இல்லை.

சரி, மாமா ஒன்று கண்டுபிடித்தால்? விரல் போன பிறகு அவர் ஒரு தள்ளுகட்டை செய்துகொண்டார். அடியில் பழைய சைக்கிள் டியூப் ரப்பர், மேலே இழைப்புளிக்கு வைப்பது போன்ற பிடி, பக்கத்தில் கட்டை திரும்பாமல் அமுக்கும் ஒரு சட்டம். கை பிளேடிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கும். சென்னையில் காப்புரிமை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க 1,600 ரூபாய், பரிசீலனை கோர 4,000. தொகை பெரிதல்ல, வாக்கியத்தை எழுதித் தருகிறவருக்குத்தான் அதிகம். ஆனால் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு, தெரிந்த சாதனங்கள் தத்தம் வேலையைத் தனித்தனியே செய்யும்படி வெறுமனே சேர்த்துவைப்பதைக் கண்டுபிடிப்பாக ஏற்காது. ரப்பர், பிடி, சட்டம் என்று அதிகாரி பிரித்துப்பார்த்தால் முடிந்தது கதை. அதைவிடப் பெரிய தடை, விண்ணப்பிப்பதற்கு முன் ஊரறியக் காட்டியிருக்கக் கூடாது என்பது. அரசு அறிவித்த கண்காட்சி போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. தெருமுனைப் பட்டறை அதில் சேராது. காட்டிக் கற்றுக்கொடுப்பதையே வேலையின் பகுதியாக வைத்திருக்கும் ஒரு தொழிலுக்கு, புதுமை என்றால் மறைத்துவைத்தது என்று பொருள்சொல்கிற சட்டம்.

இந்தச் சட்டத்தை முழுக்கத் திட்டவும் எனக்கு மனமில்லை. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த ராஜகோபால அய்யங்கார் 1959இல் கொடுத்த அறிக்கையிலிருந்து வந்தது அது. காப்புரிமை தந்து மூன்று ஆண்டு கழிந்தும் பொருள் மக்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கவில்லை என்றாலோ, இந்தியாவில் நடைமுறைக்கு வரவில்லை என்றாலோ, வேறொருவருக்குக் கட்டாய உரிமம் கொடுக்க 84ஆம் பிரிவு வழிசெய்கிறது. 2012இல் ஒரு புற்றுநோய் மருந்துக்கு முதன்முறையாக அப்படிக் கொடுக்கப்பட்டது. மருந்துக்கு என்றால் உயிர்ப்பிரச்சினை என்று எல்லோருக்கும் புரிகிறது. ரம்பத்துக்கும் அதே பிரிவுதான், யாராவது கேட்க வேண்டும். கேட்பதற்கு அந்த வேலையைச் செய்யத் திராணியுள்ள ஒரு பட்டறை வேண்டும், வக்கீல் வேண்டும்.

இதையெல்லாம் மாமாவிடம் சுருக்கிச் சொன்னேன். சதவீதக் கணக்கைக் கேட்டுச் சிரித்தார். "எட்டு பர்சென்ட் குடுத்துட்டுப் போவேண்டியதுதானே, விரலாச்சே" என்றார். தள்ளுகட்டையைப் படம்பிடித்துப் பத்திரிகையில் போடலாமா என்று கேட்டேன். போட்டால் நாளைக்கு உரிமை கோர முடியாது என்பதையும் சொன்னேன். "போடுப்பா. அடியில வெக்கிற ரப்பர் மட்டும் ரெண்டு மடிப்பா இருக்கணும்னு எழுது. ஒரு மடிப்புன்னா வழுக்கும்."

இரண்டு மடிப்பு.